சிவப்புப் பையில் போன பழக்கூடை

லாண்டரி அக்கா என்று சொன்னால்தான் அவளை எல்லோருக்கும் தெரியும். ஆஸ்பத்திரியின் கீழ்த்தளத்தில், ஜன்னலே இல்லாத நீண்ட அறையில், நான்கு பெரிய சலவை இயந்திரங்களுக்கு நடுவே இருபத்திரண்டு வருஷம் நின்றவள். தினமும் மூடுவண்டியைத் தள்ளிக்கொண்டு வார்டு வார்டாகப் போவாள். சாதாரண அழுக்கு வெள்ளைப் பையில் போகும். கிருமி பட்டது சிவப்புப் பையில் போகும். சிவப்புப் பைக்கு ஒரு சட்டம் உண்டு. வாயைக் கட்டிவிட்டால் பிறகு கடவுளே வந்து கெஞ்சினாலும் அவிழ்க்கக் கூடாது. உள்ளே இருப்பது துணியானால் கொதிநீருக்கு. துணி அல்லாத பொருள் என்று சீட்டு ஒட்டினால் எரிக்கிற உலைக்கு.

சம்பளத்துக்குச் செய்த வேலை இது. சம்பளம் இல்லாமல் இன்னொரு வேலையும் செய்தாள். எந்த வார்டில் தமிழர் யாராவது படுத்திருந்தாலும், தன் நேரம் முடிந்ததும் மேலே ஏறிப் போவாள். டாக்டர் சொல்வதை அவர்களுக்குத் தமிழில் சொல்லுவாள். அவர்கள் சொல்வதை டாக்டருக்கு அந்த ஊர் மொழியில் சொல்லுவாள். யாரும் கேட்டுச் செய்ததில்லை. ஏன் செய்தாள் என்பதற்கு ஒரு கதை இருக்கிறது.

கல்யாணமாகி இந்த நாட்டுக்கு வந்த மூன்றாம் வருஷம், இதே ஆஸ்பத்திரியின் நான்காம் மாடியில் அவள் புருஷன் கிடந்தான். டாக்டர் வந்து நெடுநேரம் ஏதோ பேசினார். அவளுக்கு அந்த மொழியில் வணக்கமும் நன்றியும் மட்டும்தான் தெரியும். புரிந்ததுபோலத் தலையாட்டினாள். நன்றி என்றும் சொன்னாள். பிறகு வீட்டுக்குப் போய், அவனுக்குப் பிடித்த மாதிரி குழையக் குழையச் சோறாக்கி, தூக்குவாளியோடு திரும்பி வந்தாள். கட்டில் காலி. அதில் விரித்திருந்த வெள்ளைத் துணியில் ஒரு சுருக்கம் இல்லை. "இன்றைக்குத் தாண்டாது அம்மா, பக்கத்திலேயே இருங்கள்" என்றுதான் அந்த டாக்டர் சொல்லியிருக்கிறார். அதற்குத்தான் அவள் நன்றி சொல்லியிருக்கிறாள்.

அந்தத் தலையாட்டலை அவளால் இன்றுவரை மன்னிக்க முடியவில்லை.

செத்த வீட்டுக்கு அந்த ஊர்த் தமிழ்ச் சங்கம் வந்தது. வராமல் இருக்குமா? மலர்வளையம் கொண்டுவந்தார்கள். அதில் செத்தவன் பெயரைவிடச் சங்கத்தின் பெயர் இரண்டு பங்கு பெரிதாக இருந்தது. அடுத்த மாதச் செய்தி மடலில், "துயருற்ற சகோதரி கண்ணீர் மல்கச் சங்கத்துக்கு நன்றி தெரிவித்தார்" என்று போட்டார்கள். சாவு நடந்த அந்த வாரம் முழுக்க அவள் வாயே திறந்திருக்கவில்லை.

இந்தச் சங்கத்தைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக முடியாது. வலது கை கொடுப்பது இடது கைக்குத் தெரியக் கூடாது என்பார்கள். இவர்களுக்கு அது எப்படி முடியும்? வலது கை கொடுக்கும்போது இடது கைதானே போனைப் பிடித்துப் படம் எடுக்கவேண்டும்! தலைவர், ஊருக்குப் பார்சல் அனுப்பும் கடை வைத்திருப்பவர். எச்சில் கையால் காக்கை ஓட்டாதவர். ஆனால் கேமராவைப் பார்த்துவிட்டால் முகத்தில் கருணை சொட்டும். துடைக்கத் துண்டு தேவைப்படும். செயலாளர், கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். செய்தி மடலை எழுதுவது அவர்தான். "நெகிழ்ந்தார்", "நெஞ்சுருகினார்", "நன்றிப் பெருக்கால் நா தழுதழுத்தார்" என்ற மூன்று வார்த்தைகளை வைத்துக்கொண்டு இருபத்தைந்து வருஷம் மடல் நடத்திய மேதை. படம் பிடிப்பது அவர் மச்சான்.

இரண்டு வருஷமாக அவர்களுடைய பெரிய தொண்டு, நோயாளிகளைப் பார்க்கப் போவது. மடலில் பக்கத்துக்கு நான்கு படம். ஒவ்வொரு படத்திலும் ஒரு கட்டில், ஒரு நோயாளி, தலைவர், ஒரு பழக்கூடை. பளபளக்கும் கண்ணாடித்தாள் சுற்றி, சிவப்பு ரிப்பன் கட்டிய கூடை. மேலே மூன்று ஆரஞ்சு, பின்னால் ஒரு அன்னாசி, ஓரத்தில் தொங்கும் திராட்சை. "எவ்வளவு பெரிய கூடை! மகராசன் அள்ளிக் கொடுக்கிறார்" என்று படம் பார்த்தவர்கள் வியந்தார்கள். எல்லாப் படத்திலும் திராட்சை ஒரே பக்கம் தொங்குகிறதே என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. அவர்கள் வருவது பிற்பகல் பார்வை நேரத்தில். அப்போது லாண்டரி அக்கா கீழே இஸ்திரி உருளைக்கு முன்னால் நிற்பாள். ஆகவே அவளும் கூடையைப் படத்தில்தான் பார்த்திருக்கிறாள்.

அன்றைக்கு மட்டும் அவள் அந்த நேரத்தில் மேலே இருந்தாள். காரணம், ஏழாம் படுக்கைப் பெரியவர்.

முப்பத்தோரு வருஷம் ஒரு ஹோட்டல் சமையலறையில் காயும் பழமும் நறுக்கியவர். பெண்டாட்டி பிள்ளை இல்லை. வயிற்றில் அறுவை முடிந்து பதினோரு நாள் ஆகியும் ஒரு பருக்கை உள்ளே இறங்கவில்லை; நரம்பில் ஏறும் குளுக்கோஸில்தான் உயிர் ஓடியது. காலையில் டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார், அதை அவருக்குத் தமிழில் சொன்னவளும் லாண்டரி அக்காதான்: நாளைக் காலைக்குள் அவராக எதையாவது சாப்பிட ஆரம்பிக்க வேண்டும், இல்லாவிட்டால் மூக்கு வழியாகக் குழாய். கூட வேலை பார்த்த ஒருவர் அந்தக் குழாயோடு படுத்தவர், எழுந்திருக்கவே இல்லை. அதைப் பார்த்த நாளிலிருந்து பெரியவருக்குக் குழாய் என்றால் எமன்.

ஆகவே வண்டியை வார்டு வாசலில் நிறுத்திவிட்டு, தன் ஓய்வு நேரத்தில் அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"என்ன அண்ணே, தட்டு போன மாதிரியே திரும்பி வந்திருக்கு? தட்டுக்கே அலுத்துப் போயிருக்கும்."

"இறங்கலைம்மா. வாயில வச்சா மண்ணு மாதிரி இருக்கு."

"ஒரு வாய் பால்? எனக்காக?"

"உனக்காக வேணா மூக்க நீட்டறேன். குழாய விடச் சொல்லு."

"இந்த நக்கலுக்கு ஒண்ணும் குறைச்சல் இல்ல" என்று அவள் பால் டம்ளரை எடுத்தபோதுதான் ஊர்வலம் உள்ளே நுழைந்தது. முதலில் கூடை, பின்னால் தலைவர், அவருக்குப் பின்னால் செயலாளர், கடைசியில் மச்சான்.

"மூலை அறை முடிஞ்சுதுங்க. அந்த மஞ்ச போர்டு மாட்டின ரூம். கூடைய மடியில வச்சு அருமையா எடுத்துட்டேன்" என்றான் மச்சான்.

மஞ்சள் பலகை என்றால் தொற்று நோயாளி. கையுறை இல்லாமல் லாண்டரி அக்காவே அந்த அறைக்குள் போகமாட்டாள். அவள் திடுக்கிட்டு நிமிர்ந்தாள். அதற்குள் தலைவர் கட்டிலோரம் வந்து, நோயாளியின் பெயரைக்கூடக் கேட்காமல், கேமராவைப் பார்த்துச் சிரித்துவிட்டார்.

"ஐயா, கொஞ்சம் சோகமா பாருங்க" என்றார் செயலாளர் பெரியவரிடம். "ஆனா நன்றியும் தெரியணும்."

பெரியவர் அவரைப் பார்க்கவில்லை. கூடையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பதினோரு நாளாகச் செத்துக் கிடந்த கண்ணில் ஒரு வெளிச்சம். தொண்டை ஏறி இறங்கியது.

"தங்கச்சி... அந்த ஆரஞ்சு ஒண்ணு..."

லாண்டரி அக்காவுக்கு நெஞ்சு குளிர்ந்துவிட்டது. கேட்டுவிட்டாரே! வாயைத் திறந்து கேட்டுவிட்டாரே! அந்தச் சந்தோஷத்தில் மஞ்சள் பலகைகூட மறந்துபோயிற்று. அவளே கண்ணாடித்தாளின் ஓரத்தை விலக்கி, மேலே இருந்த ஆரஞ்சை எடுத்து அவர் கையில் வைத்தாள். மச்சான் சடசடவென்று படம் எடுத்தான்.

பெரியவர் பழத்தைத் திருப்பினார். காம்பு இருந்த இடத்தில் கட்டை விரல் நகத்தை ஊன்றினார். இறங்கவில்லை. இன்னொரு பக்கம் ஊன்றினார். நகம் வழுக்கியது. தனக்குத்தான் தெம்பு போய்விட்டதென்று நினைத்து, இரண்டு கையாலும் பிடித்து அழுத்தினார். பழம் 'டொக்' என்று உள்வாங்கி, மறுபடி புடைத்தது.

மச்சான் சிரித்துவிட்டான்.

"ஐயையோ, அது பிளாஸ்டிக்குங்க" என்றார் செயலாளர், சாவதானமாக. "நிஜப் பழம்னா ரெண்டு நாள்ல அழுகிடுது. குடுங்க, இன்னும் மூணு பெட் இருக்கு."

பெரியவர் கையிலிருந்து அதைப் பிடுங்கிக் கூடையில் வைத்து ரிப்பனைச் சரிசெய்தார். பெரியவர் தன் வெறும் கையையே பார்த்தார். "முப்பது வருஷம் பழம் வெட்டின கைம்மா இது. அதுக்குக்கூடத் தெரியல" என்றார். அப்புறம் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். லாண்டரி அக்கா நீட்டிய பாலை, பார்க்காமலே புறங்கையால் தள்ளினார். பாதிப் பால் துணியில் கொட்டியது.

அந்தக் கணத்தில் அவளுக்கு அந்தக் காலிக் கட்டில் கண்ணுக்கு முன்னால் வந்தது. அன்றைக்குத் தலையாட்டினாள். இன்றைக்கு ஆட்டப்போவதில்லை.

எழுந்தாள். வண்டியிலிருந்து கையுறை எடுத்து மாட்டிக்கொண்டு, ஒரு சிவப்புப் பையை உருவினாள். செயலாளர் கையிலிருந்த கூடையை, குழந்தையிடமிருந்து கத்தியை வாங்குவதுபோல மெதுவாக வாங்கினாள். ஏதோ உதவி செய்கிறாள் என்று நினைத்து அவரும் கொடுத்துவிட்டார். அன்னாசி, ஆரஞ்சு, திராட்சை, ரிப்பன் எல்லாம் தலைகுப்புறப் பைக்குள் போயின. வாயை இறுக்கி முடிச்சுப் போட்டு, "துணி அல்லாதது" என்ற சீட்டை ஒட்டினாள். விதியும் அதுதான், அவள் வெறியும் அதுதான்.

"ஏய் ஏய், என்ன பண்றீங்க?" என்று பதறினார் செயலாளர்.

"மஞ்ச போர்டு ரூம்ல நோயாளி மடியில வச்ச சாமான். அதத் தூக்கிட்டு அடுத்த ஆள் மடியில வைக்க வந்திருக்கீங்க. பழம்தான் பொய். கிருமியாவது நெஜமா குடுக்கலாம்னு பாத்தீங்களா?"

"அம்மா, யார்கிட்ட பேசறீங்கன்னு தெரியுதா?" என்றார் தலைவர்.

"நல்லாத் தெரியுது. ஒரு ஆரஞ்சுக்கு வக்கில்லாத தலைவர்கிட்ட."

சத்தம் கேட்டு வார்டின் தலைமை நர்ஸ் வந்தாள். லாண்டரி அக்கா அந்த ஊர் மொழியில் நான்கே வாக்கியம் சொன்னாள். நர்ஸ் பையைப் பார்த்தாள், மஞ்சள் பலகை இருந்த மூலையைப் பார்த்தாள், மூன்று பேரின் கையுறையில்லாத கைகளைப் பார்த்தாள். கை கழுவும் இடத்தை விரலால் காட்டினாள். தலைவர், செயலாளர், மச்சான் மூவரும் பள்ளிப்பிள்ளைகள்போல வரிசையாக நின்று சோப்புப் போட்டார்கள். கருணையும் அதோடு கழுவிக்கொண்டு போயிற்று.

"இன்னும் மூணு பெட் பாக்கி இருக்கே!" என்று முனகினார் செயலாளர்.

"போங்களேன், யாரு வேணாம்னா? வெறுங்கையோட போங்க. எப்படி இருக்கீங்கன்னு கேளுங்க. கேட்டுட்டு, அவங்க சொல்றத நின்னு கேளுங்க."

மூவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். கூடை இல்லாமல் ஒரு நோயாளியிடம் போய் என்ன சொல்வது என்று அவர்களில் ஒருவருக்கும் தெரியவில்லை. நேராக மின்தூக்கிக்குப் போனார்கள்.

லாண்டரி அக்கா தன் கையையும் கழுவி, பெரியவர் கையையும் மருந்துத் துணியால் துடைத்துவிட்டு, தரைத்தளக் கடைக்கு ஓடினாள். இரண்டு ஆரஞ்சு வாங்கிக்கொண்டு மூச்சிரைக்கத் திரும்பினாள். பெரியவர் இன்னும் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அண்ணே, இங்க பாருங்க."

"வேணாம்மா. இன்னொரு தடவ என்னால அவமானப்பட முடியாது."

அவள் அவர் முகத்துக்கு நேராகப் பழத்தைப் பிடித்து நகத்தால் ஒரு கீறு கீறி, தோலை மடக்கிப் பிழிந்தாள். சுரீரென்று சாறு தெறித்து அவர் கன்னத்திலும் இமையிலும் விழுந்தது. கட்டிலைச் சுற்றி வாசனை நிறைந்தது. எரிந்த கண்ணைக் கசக்கிக்கொண்டு பெரியவர் திரும்பினார். கண்ணீர் கொட்டியது. பழச்சாற்றின் எரிச்சலா, வேறு எரிச்சலா, யார் கண்டது!

"நெசப் பழம்தான்" என்றார். வாயைத் திறந்தார்.

முதல் சுளையை மென்று முடிக்கக் கால் மணி ஆயிற்று. நான்கு சுளை இறங்கியது. நர்ஸ் வந்து தலைமாட்டுச் சாப்பாட்டு அட்டையில், பதினோரு வெற்றுக் கட்டங்களுக்கு அடுத்த கட்டத்தில், "ஆரஞ்சு, நான்கு சுளை" என்று எழுதினாள். மறுநாள் காலை டாக்டர் அதைப் படித்தார். குழாயைப் பற்றிப் பேசவே இல்லை.

அந்த மாதச் செய்தி மடல் வந்தது. முதல் பக்கத்தில் பெரியவரின் படம். கையில் ஆரஞ்சு, நெற்றியில் சுருக்கம், பக்கத்தில் சிரிக்கும் தலைவர். கீழே, "கனி கண்டு நெஞ்சுருகிய முதியவர்." ஓரத்தில் லாண்டரி அக்காவின் முழங்கை மட்டும் தெரிந்தது; மீதியை வெட்டியிருந்தார்கள். கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில், சங்கத்தின் தொண்டுக்கு ஊறு செய்த ஒரு பெண்மணியை உறுப்பினர் பட்டியலிலிருந்து நீக்கியதாக ஓர் அறிவிப்பு. அவள் உறுப்பினராகச் சேர்ந்ததே இல்லை.

மடலை அவளே கொண்டுபோய்ப் பெரியவரிடம் காட்டினாள். எழுந்து உட்கார்ந்திருந்தார். மறுவாரம் வீட்டுக்கு அனுப்பப்போகிறார்கள். படத்தை உற்றுப் பார்த்தார். தலைவரின் சிரிப்பை உற்றுப் பார்த்தார். பிறகு மடலை மடிமேல் அகலமாக விரித்துவைத்து, ஆரஞ்சை எடுத்து நிதானமாக உரிக்கத் தொடங்கினார். தோலும் கொட்டையும் தலைவரின் முகத்திலேயே விழுந்தன.

"என்ன அண்ணே, சங்கத்துத் தலைவரு மேலயே போடறீங்க?"

"தாள் நல்ல தாளும்மா. சாறு கீழ இறங்கல" என்று ஒரு சுளையை அவளிடம் நீட்டினார் பெரியவர். "மாசாமாசம் ஒண்ணு வாங்கிட்டு வா."