மிதக்கும் விலா

பெயிண்டர் சிரிக்க ஆரம்பித்தால் அவர் நிற்கிற ஏணியும் சேர்ந்து ஆடும். அப்படித்தான் அன்றைக்கு விழுந்தார். கீழே நிழலில் உட்கார்ந்திருந்த மச்சான், அதாவது மனைவியின் தம்பி, ஏதோ சொல்ல, இவர் மேலே குலுங்க, பெயிண்ட் வாளியும் ஆளுமாக வந்து சேர்ந்தார்கள். ஆண்டவன் கீழே மணலைக் குவித்து வைத்திருந்தான்.

ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கிற அம்மா, பயிற்சிக்கு வந்த பெண்ணிடம் படத்தைக் காட்டி, "இதுதாம்மா மிதக்கும் விலா" என்றார். பெயிண்டர் காதில் அது மட்டும்தான் ஏறியது. டாக்டர், "ஒண்ணுமில்ல, வெறும் அடிதான்" என்றதெல்லாம் காற்றோடு போயிற்று.

வீட்டுக்கு வந்தவர் கட்டிலில் படுத்தார், அசையவில்லை. விலா எலும்பு கழன்று உள்ளே மிதக்கிறது; சிரித்துக் குலுங்கினால் நேரே நெஞ்சில் போய்க் குத்தும், உயிர் போய்விடும். இனிமேல் சிரிப்பதில்லை என்று சாமி படத்தைப் பார்த்துக் கும்பிட்டுக்கொண்டார்.

"என்னங்க, மூஞ்சிக்குப் பூட்டுப் போட்டுட்டீங்களா?" என்றாள் மனைவி.

"உள்ள எலும்பு மிதக்குதுடி."

"எதுல? காலையில குடிச்ச டீயிலயா?"

அவர் உதடு துடித்தது. தலையணையைக் கடித்துக்கொண்டார். சிரிப்பில்லாத வீட்டில் இரண்டு நாள் இருந்து பார்த்தவள், மூன்றாம் நாள் தம்பியையும் கூட்டிக்கொண்டு அவரை மறுபடி ஆஸ்பத்திரிக்கே இழுத்துப் போனாள்.

எக்ஸ்ரே அம்மா பொறுமையாகச் சொன்னார். "மத்த விலா எலும்பெல்லாம் முதுகுல கிளம்பி முன்னால நெஞ்சுப் பக்கம் சுத்தி வந்து பிடிச்சுக்கும். கடைசி ரெண்டு ஜோடி மட்டும் முதுகுல ஒட்டிக்கிட்டு, முன்னால எதையும் பிடிக்காம சும்மா நிக்கும். அதனாலதான் அந்தப் பேரு. எங்கயும் மிதந்து போகாது. எனக்கும் இருக்கு, உங்க வீட்டம்மாவுக்கும் இருக்கு."

"அப்ப நான் சிரிக்கலாமா?"

"அடிபட்ட இடம் வலிக்கும். மத்தபடி தாராளமா சிரிங்க."

மனைவி தம்பி பக்கம் திரும்பினாள். "டேய், நீயும் அந்த எலும்புதான்டா. பின்னால அக்கா வீட்டுல கெட்டியா ஒட்டிக்கிட்டு, முன்னால ஒரு வேலையையும் பிடிக்காம நிக்கிற."

மச்சான் தலையைச் சொறிந்தான். "இருக்கட்டுமேக்கா. அத்தானுக்குப் பக்கபலமா இருக்கேன்ல?"

இரண்டு நாள் அடக்கியது மொத்தமும் பெயிண்டரிடமிருந்து கிளம்பியது. இரண்டு கையாலும் விலாவைப் பிடித்துக்கொண்டார். வலித்தது. வலிக்க வலிக்கச் சிரித்தார். சுவரில் மாட்டியிருந்த படம் ஆடியது.

எக்ஸ்ரே அம்மா, பழக்க தோஷம், "மூச்ச அடக்குங்க, அசையாதீங்க" என்றார்.

யாரால் முடிந்தது?