வரிசையில் போடாத மாத்திரை

என் வீட்டுக்காரர் கன்டெய்னர் டிரெய்லர் ஓட்டுகிறவர். எர்ணாவூரில் நாங்கள் இருக்கும் மாடியிலிருந்து விரைவுச் சாலை தெரியாது, கேட்கும். ஏர் பிரேக்கை விடும்போது வருகிற பெருமூச்சுச் சத்தம் அடுத்தடுத்து வந்தால் துறைமுகத்துக்குப் போகிற வரிசை நகர்கிறது என்று அர்த்தம். வரவில்லை என்றால் எங்கேயோ அடைத்துக்கொண்டது. இட்லிக்கு மாவு ஊற்றிக்கொண்டிருந்தாலும் என் காது அங்கேதான் இருக்கும்.

பக்கத்து வீட்டு அக்கா மீன் கூடை தூக்குகிறவர். ஒரு நாள் என்னைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "உன் வூட்டுக்காரரு தூங்கச் சொல்லோ கூட காலு பிரேக்க மெதிச்சிக்கினு கீது. நீ முழிச்சிக்கினு இருக்கச் சொல்லோவே அவரு வண்டிய ஓட்டிக்கினு கீற. ஒரு லைசென்ஸுல ரெண்டு பேரு."

இப்படிப்பட்ட பேச்சு காதில் விழுந்தால் நான் விடுவதில்லை. பத்தாவதோடு பள்ளிக்கூடம் நின்றுபோனது. அப்புறம் படித்ததெல்லாம் ஜனங்கள் வாயிலிருந்துதான். காலையில் வரிசை ஓரமாகக் குண்டானை வைத்து இட்லி விற்கிற எனக்கு அதற்குப் பஞ்சமே இல்லை. "வரிசையில நிக்கிறவனுக்கு கடியாரமும் காலண்டரும் ஒண்ணுதாண்ணி" என்று ஒரு டிரைவர் சொன்னார். இதை எந்தப் பாடப் புத்தகம் சொல்லும், சொல்லுங்கள்.

அவருக்கு ரத்தக் கொதிப்பு இருப்பது லைசென்ஸ் புதுப்பிக்கப் போனபோது தெரிந்தது. தெரிந்த நாளிலிருந்து எனக்கு ஒரே பயம். பாரம் ஏற்றிய டிரெய்லரில் உட்கார்ந்திருக்கும்போது அவருக்குக் கண் இருட்டினால் அவர் மட்டும் போக மாட்டார். முன்னால் ஸ்கூட்டரில் போகிற யாரோ ஒரு வீட்டுப் பிள்ளையும் போகும்.

முதலில் காலையில் ஒரு மாத்திரை, மாலையில் ஒரு மாத்திரை. மாலையில் அவர் எங்கே இருப்பார் என்று அவருக்கே தெரியாது. பாதி நாள் மறந்தார், பிரஷர் இறங்கவில்லை. அதனால் டாக்டரம்மா மாற்றிக் கொடுத்தார். ஒரே மாத்திரை, உள்ளே மூன்று மருந்து, தினமும் காலையில் ஒன்று.

"பழசையும் இதையும் சேர்த்துப் போட்டுடாதீங்க. ஒரு நாள் விட்டுப்போனா விட்டதுதான், மறுநாள் சேர்த்துப் போடக் கூடாது. உட்கார்ந்து எழும்போது நிதானமா எழுங்க" என்றார் டாக்டரம்மா.

கம்பெனி மேனேஜரிடம் தலையாட்டுகிற மாதிரியே எல்லாவற்றுக்கும் தலையாட்டினார் என் வீட்டுக்காரர். வெளியே வந்ததும், "மூணு பேரு வேலைய ஒருத்தனே பாக்குறானாம்மே. நம்ம கம்பெனி மாதிரியே கீது" என்றார்.

தினமும் காலையில் என் கண் முன்னால் அட்டையிலிருந்து மாத்திரையைப் பிதுக்குவார். அட்டை காலியாகிக்கொண்டே வந்தது. எனக்குக் கொஞ்சம் மனசு அடங்கியது. அடங்கியிருக்கக் கூடாது.

டிரிப் இல்லாத ஒரு நாள். சாப்பிட்டுவிட்டுத் தரையில் உட்கார்ந்து, டிரைவர்கள் போனில் அனுப்புகிற குரல் செய்திகளைக் கேட்டுக்கொண்டிருந்தார். வரிசை எங்கே நிற்கிறது, எந்த கேட்டில் விடுகிறார்கள் என்ற அதே பேச்சு. லீவிலும் ஆள் வரிசையில்தான் இருப்பார். கீழே தண்ணீர் லாரி வந்தது.

"தண்ணி வந்துட்டுது, கொடத்த எடுத்துக்கினு வாயா" என்றேன்.

எழுந்தார். எழுந்தவர் நிற்கவில்லை. சுவரைப் பிடிக்கக் கையை நீட்டினார்; சுவர் கைக்கு வரவில்லை. அப்படியே காலிக் குடங்களின் மேல் சரிந்தார். பிளாஸ்டிக் குடம் உருண்டு படியிறங்கி ஓடிய சத்தம்தான் எனக்கு இன்னும் கேட்கிறது.

பக்கத்து வீட்டு அக்கா ஓடி வந்து, "அவர ஒக்கார வைக்காத, படுக்கவுடு, கால தூக்கு" என்றார். ஆட்டோவில் அவர் தலை என் மடியில். கண் திறந்திருந்தது, முகம் வெளுத்து, நெற்றியெல்லாம் வியர்வை. அந்த நேரத்திலும் கால் ஆடிக்கொண்டே இருந்தது. பிரேக்கைத் தேடுகிறார் போல.

கிளினிக்கில் டாக்டரம்மா கையில் பட்டையைச் சுற்றி அளந்தார், திரும்பவும் அளந்தார். இவருக்குப் பிரஷர் ஏறித்தான் பார்த்திருக்கிறேன். இவ்வளவு இறங்கிப் பார்ப்பது அன்றைக்குத்தான்.

"காலையில என்ன மாத்திரை போட்டீங்க?"

"டெய்லி போடுறதுதான் டாக்டர்."

"எத்தனை?"

அவர் மேலே சுற்றுகிற ஃபேனைப் பார்த்தார். "மூணு."

"ஏன் மூணு?"

"ரெண்டு நாளு வரிசையில வுட்டுப்போச்சு, அது பையிலயே கெடந்துச்சு. டிரிப்பு வுட்டுப்போனா லீவு நாள்ல ஓட்டி சரி பண்ணிடுவோம். அந்த மாதிரிதான்."

டாக்டரம்மா சிரிக்கவில்லை. "சேர்த்துப் போட்டதால அந்த ரெண்டு நாள் சரியாகல, இந்த நாளும் கெட்டுப்போச்சு. பார்க்க ஒரு மாத்திரைதான். உள்ள மூணு மருந்து இருக்குன்னு சொன்னேன்ல? மூணையும் மூணு மடங்கா உள்ள தள்ளியிருக்கீங்க. பிரஷர் இன்னும் இறங்கினா பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பிடுவேன்." அப்புறம் குரலைத் தணித்துக்கொண்டு கேட்டார்: "வரிசையில ஏன் போடல?"

பெண் டாக்டரிடம் சொல்ல அவருக்குக் கூச்சம். என்னைப் பார்த்தார். எனக்கு அப்போதுதான் புரிந்தது, நான்தான் சொன்னேன்.

"அதுல தண்ணி மாத்திரையும் கலந்து கீதாம்மா. மெடிக்கல்ல சொன்னாங்க. போட்டா ஒண்ணுக்கு வந்துகினே இருக்கும். வரிசையில வண்டிய வுட்டு எறங்க முடியாதும்மா."

முடியாது என்றால் நிஜமாகவே முடியாது. வரிசை எப்போது நகரும் என்று யாருக்கும் தெரியாது. நகர்ந்தால் ஒரு வண்டி நீளம்தான் நகரும். அந்த இடத்தை உடனே பிடிக்காவிட்டால் பக்கத்திலிருந்து ஒரு டிரெய்லர் மூக்கை நுழைத்துவிடும். அப்புறம் சண்டை, கெட்ட வார்த்தை, ஒரு நாள் போச்சு. அதனால் வெயிலில் வெந்தாலும் டிரைவர்கள் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டார்கள். இவர் என் முன்னால் பிதுக்கிய மாத்திரை வாய்க்குப் போகாமல் சட்டைப் பைக்குப் போயிருக்கிறது. அங்கிருந்து வண்டிக்கு.

"இதை முதல்லயே சொல்லியிருக்கலாமே. தண்ணியே குடிக்காம வெயில்ல உட்கார்ந்திருக்கிற ஆளுக்கு யோசிச்சுத்தான் இந்த மருந்தைக் கொடுக்கணும்" என்றார் டாக்டரம்மா. "வேற ஏதாவது போடுறீங்களா? இடுப்பு வலிக்கு?"

மறுபடியும் ஃபேன்.

"வலி மாத்திரை போடுறாரும்மா" என்றேன்.

"நீ இன்னாமே, போலீஸுல கீறியா?" என்று படுத்தபடியே முனகினார்.

"அது பிரஷரையும் ஏத்தும், கிட்னியையும் கெடுக்கும். இந்த மருந்தோட சேர்த்துப் போட்டா இன்னும் மோசம். வலிச்சா என்கிட்ட வாங்க, கடையில கேட்டு வாங்காதீங்க" என்றார் டாக்டரம்மா.

மாலை வரை அங்கேயே படுக்க வைத்தார்கள். கிட்னி எப்படி இருக்கிறது, உடம்பில் உப்புச் சத்து எப்படி இருக்கிறது என்று ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். கிளம்பும்போது வேறு மாத்திரை கொடுத்தார். இதில் இரண்டு மருந்துதான், தண்ணி மாத்திரை கிடையாது. கால் வீங்கினால் வந்து சொல்ல வேண்டும், தானாக நிறுத்தக் கூடாது. திரும்ப அளந்து பார்த்துச் சரி என்று சொல்லும் வரை ஸ்டியரிங்கைத் தொடக் கூடாது.

"பழைய மாத்திரை ஒண்ணுகூட மிச்சம் இருக்கக் கூடாது. இருந்தா இங்க கொண்டு வந்து கொடுத்துடுங்க."

"சரி டாக்டர்" என்று தலையாட்டினார். மேனேஜருக்கு ஆட்டுகிற அதே தலையாட்டல்.

வீட்டில் இருந்த நாட்களில் அவர் உட்காரவே இல்லை. வாசலுக்குப் போவார், ஜன்னலுக்கு வருவார், காதை வைத்துச் சாலையைக் கேட்பார். "மேல இன்னா, டிரெய்லர் ரிவர்ஸ் எடுக்குறாங்களா?" என்று கீழ் வீட்டுக்காரர் கேட்டுவிட்டார். நான் ஒரே கேள்வியைக் கேட்டுக்கொண்டே இருந்தேன்.

"அந்த மிச்ச மாத்திரை எங்க?"

"வண்டில. கற்பூர டப்பால. போனதும் தூக்கிப் போட்டுர்றேன்."

வண்டிக்குள் சாமி படத்துக்குப் பின்னால் ஒரு கற்பூர டப்பா வைத்திருப்பார். அதில்தான் போட்டு வைத்திருக்கிறார். அட்டையும் இல்லை, பெயரும் இல்லை, வெறும் மாத்திரை. டாக்டரம்மா அளந்து பார்த்து அனுமதி கொடுத்து அவர் வேலைக்குப் போய் வந்ததும் கேட்டேன். "போட்டாச்சு, போட்டாச்சு" என்றார். கேள்விக்கு ஒரு தடவை பதில் சொன்னால் நம்பலாம். இரண்டு தடவை சொன்னால்?

எனக்குத் தூக்கம் சரியில்லை. புது மாத்திரையையும் போட்டு, ஞாபகம் வந்த நாளில் டப்பாவிலிருந்து பழையதையும் போட்டுவிட்டால்? சாலைப் பக்கமிருந்து ஹாரன் நீளமாகக் கேட்டால் கையில் இருக்கும் கரண்டி தானாக நின்றுவிடும். "ஆம்புலன்ஸ் போனா கூட நீ சட்னிய கருக வுடுற" என்றார் அக்கா.

ஒரு நாள் காலை, வரிசை அசையாமல் நின்றிருந்தது. ஒரு டிரைவர் ஜன்னல் வழியாகக் கையை நீட்டி இட்லிப் பொட்டலத்தை வாங்கிக்கொண்டே பேசினார்.

"அண்ணி, அண்ணன் இப்ப டாக்டராயிட்டாரு, தெரியுமா?"

"இன்னா டாக்டரு?"

"முன்னாடி நிக்கிற அந்த ஆந்திரா வண்டிக்காரரு இப்பதான் தலைய சுத்துதுன்னாரு. அண்ணன் சாமி படத்துக்குப் பின்னாலேர்ந்து ஒரு டப்பாவ எடுத்து, பிரஷரா இருக்கும் நைனா, இத்த வச்சிக்கன்னு டப்பாவையே கைமாத்தி வுட்டாரு. ஸோக்கான மனசு."

வரிசையில் இது வழக்கம். ஊறுகாய், பீடி, போன் சார்ஜர், தண்ணீர், எல்லாம் ஜன்னலுக்கு ஜன்னல் கைமாறும். இல்லை என்று சொல்கிறவனை அடுத்த நாள் யாரும் சேர்த்துக்கொள்ள மாட்டார்கள். ஆனால் அந்த டப்பா.

குண்டானை மூடி அந்த டிரைவரிடமே பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு நடந்தேன். நடந்தேன் என்ன, ஓடினேன். டயர் எல்லாம் என் தோள் உயரம். இடையில் டீசல் புகை, கால் வைக்கிற இடமெல்லாம் எண்ணெய். எல்லா வண்டியும் ஒரே நிறப் பெட்டியைச் சுமப்பது போலத் தெரிந்தது. அவர் வண்டியின் பின்பக்கத்து மண் தடுப்பில் நான் கட்டிவிட்ட எலுமிச்சை மிளகாயைப் பார்த்த பிறகுதான் மூச்சு வந்தது.

ஜன்னலில் எட்டிப் பார்த்தவர், "இன்னாமே இங்க? கடைய யாரு பாக்குறா?" என்றார்.

"டப்பா எங்கயா?"

"எந்த டப்பா?"

"டபாய்க்காத. அந்தாளுக்குக் குடுத்தியாமே. தல சுத்துற ஆளுக்கு பிரஷர எறக்குற மாத்திரய குடுத்தா இன்னா ஆவும்? அன்னிக்கு நீ கொடத்து மேல வுழுந்தியே, அதான் ஆவும். அவரு வுழுற எடத்துல கொடம் இருக்காதுயா, ஸ்டியரிங்குதான் இருக்கும்."

அவர் என்னைப் பார்த்தார். முன்னால் வரிசை எப்போது வேண்டுமானாலும் நகரலாம். சாவியைப் பார்த்தார். கை கதவுப் பக்கம் போய், நின்று, திரும்ப ஸ்டியரிங்குக்கு வந்தது. பிரேக்கில் கால் ஆடுவது ஏர் சத்தத்தில் கேட்டது.

பிறகு இறங்கினார். குதிக்கவில்லை, டாக்டரம்மா சொன்ன மாதிரி ஒரு காலை வைத்து, கொஞ்சம் நின்று, அடுத்த காலை வைத்து. இறங்கியதும்தான் ஓட்டம்.

ஆந்திரா வண்டிக்காரர் உள்ளங்கையில் மாத்திரையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தண்ணீர் தீர்ந்துபோய், டீக்காரர் வருவதற்காகக் காத்திருந்தாராம்.

"போடாத நைனா, போடாத" என்று இவர் கீழே நின்று கத்தினார்.

"ஏன்? நீயே குடுத்த."

"நான் குடுத்ததாலதான் சொல்றேன். அத்த மூணு போட்டு நான் செத்துப் பொழச்சேன்."

"காலையில இன்னா சாப்ட்டீங்க?" என்று நான் கேட்டேன்.

"ராத்திரியிலேர்ந்து ஒண்ணும் இல்ல வதினா" என்றார். அவர் ஊர்ப் பேச்சில் அண்ணியை அப்படித்தான் கூப்பிடுவார்கள். அவருக்குப் பிரஷர் இருக்கிறதா இல்லையா என்று யார் அளந்து பார்த்தார்கள்? என் பையில் மிச்சமிருந்த இட்லிப் பொட்டலத்தையும் தண்ணீர் பாட்டிலையும் கொடுத்தேன். சாப்பிட்ட பின்னும் தலை சுற்றினால் வண்டியை எடுக்காமல் டாக்டரிடம் போகச் சொன்னேன். டப்பாவை என் கையில் வாங்கிக்கொண்டேன். கற்பூர வாசனை மாத்திரையிலும் ஏறியிருந்தது. அன்றைக்கே அதை டாக்டரம்மாவிடம் கொடுத்துவிட்டேன்.

நான் டப்பாவை வாங்கிய நேரம் பார்த்து வரிசை நகர்ந்தது.

பின்னால் ஹாரன் சத்தம் ஒன்றன்மேல் ஒன்றாக எழுந்தது. நாங்கள் திரும்பிப் பார்க்கையில் இவர் வண்டிக்கு முன்னால் இருந்த இடைவெளியில் பக்கத்திலிருந்து ஒரு டிரெய்லர் மூக்கை நுழைத்துவிட்டது. பின்னால் இன்னொன்றும் தயாராக இருந்தது. வழக்கமாக இந்த இடத்தில் என் வீட்டுக்காரர் வாயில் வருவதை இங்கே எழுத முடியாது. அன்றைக்கு ஒன்றும் வரவில்லை. இடுப்பில் கையை வைத்துக்கொண்டு பார்த்தார்.

"போச்சு. இன்னிக்கு கேட்டுக்குள்ள போவ முடியாது" என்றார்.

"வண்டில ஏறு, வேற யாராச்சும் எடம் வுடுவான்."

"இரு. எறங்கியாச்சு இல்ல" என்று சொல்லிவிட்டு, ஹாரன்களுக்கு முதுகைக் காட்டி, நிதானமாக மதில் ஓரம் ஒண்ணுக்குப் போனார்.