கேட்டதாகத் தலையாட்டியவர்

என் அப்பா கருப்பண்ணனிடம் நான் ஆறு வருஷம் முகம் கொடுத்துப் பேசவில்லை. பொங்கலுக்குக் கல்வராயன் மலைக்குப் போவேன். அம்மா கையால் ஒரு வாய் சாப்பிடுவேன். அடுத்த பஸ்ஸைப் பிடித்துக் கள்ளக்குறிச்சிக்குத் திரும்பிவிடுவேன். அவர் வாசலில் நின்று சிரிப்பார். அந்தச் சிரிப்பைப் பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். பெற்ற பெண்ணைக் கைவிட்ட மனுஷருக்கு எப்படித்தான் சிரிக்க முடிகிறதோ என்றிருக்கும்.

விஷயம் இதுதான். என்னை மணலூர்பேட்டைப் பக்கம் கட்டிக்கொடுத்தார்கள். எங்கள் மலை ஆட்கள்தான், கரும்பு வெட்டப் போய் அங்கேயே தங்கிவிட்ட குடும்பம். கட்டினவன் குடித்தால் அடிப்பான். குடிக்காத நாளிலும் அடிப்பான். ஒருநாள் பக்கத்து வீட்டு அக்காவின் போனை வாங்கி வீட்டுக்குப் பேசினேன். அம்மா காட்டுக்குப் போயிருந்தாள். அப்பாதான் எடுத்தார். "அப்பா, என்னால முடியலப்பா. வூட்டுக்கு வந்துரட்டா?" என்று அழுதேன். அவர் நிதானமாக, "செரிம்மா, செரி. நல்லபடியா இரு. அங்கயே இரு" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

அங்கேயே இருந்தேன். இன்னும் இரண்டு வருஷம் இருந்தேன். பிறகு யாரையும் கேட்காமல் நானே கிளம்பி வந்து, கள்ளக்குறிச்சியில் ஒரு துணிக்கடையில் வேலைக்குச் சேர்ந்து, தனியாக ஓர் அறை எடுத்துக்கொண்டேன். அப்பாவிடம் ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று நான் கேட்கவே இல்லை. கேட்டால் ஏதாவது ஒரு காரணம் சொல்லிவிடுவாரோ என்று பயமாக இருந்தது.

அப்பாவைப் பற்றி மலையில் யாரைக் கேட்டாலும் தங்கமான மனுஷர் என்பார்கள். இளவயதில் கீழே சின்னசேலம் பக்கம் ஜல்லி உடைக்கிற கிரஷரில் வருஷக்கணக்கில் வேலை பார்த்தார். பிறகு மலைக்கே வந்து சாமையும் மரவள்ளியும் போட்டார். யாரையும் எதிர்த்து ஒரு வார்த்தை பேசியதில்லை. ஒரு தடவை எங்கள் ஊரில் வரப்புத் தகராறு வந்தது. இரண்டு கட்சிக்காரர்களும் தனித்தனியாக வந்து பேசினார்கள். இருவரிடமும் தலையாட்டினார். கடைசிவரை இரண்டு பேரும் கருப்பண்ணன் நம்ம பக்கம் என்றே நம்பினார்கள். நான்கு பேர் சிரித்தால் அவரும் சிரிப்பார். யாராவது ஏதாவது கேட்டால் "ஆவட்டுங்க", "இருக்கட்டுங்க" என்பார். "காது கொஞ்சம் மந்தம், அவ்ளோதான்" என்பாள் அம்மா. எனக்கோ, கேட்க வேண்டியது மட்டும் அவருக்கு நன்றாகக் கேட்கும் என்று நினைப்பு.

போன வருஷம் அம்மா போன் செய்தாள். நாற்பது சதவீதத்துக்கு மேல் காது கேட்கவில்லை என்று டாக்டர் எழுதிக் கொடுத்தால் இலவசமாகக் காது மிஷின் கிடைக்குமாம். கீழே ஒரு முகாமுக்கு அழைத்துப் போயிருக்கிறாள். அங்கே பதினெட்டு என்று எழுதி அனுப்பிவிட்டார்கள்.

"பதினெட்டா வந்துச்சுன்னா நல்லா கேக்குதுன்னுதான அர்த்தம்?" என்றேன்.

"வூட்டாண்ட மாடு கத்துனா கூட தெரியல செவ்வந்தி. நீதான் படிச்சவ. நீ ஒரு தபா இட்டுக்கினு போயேன். நான் செத்துட்டா அவரு இன்னா பண்ணுவாரு?"

அம்மாவுக்காக ஒத்துக்கொண்டேன். மறுபடி சோதிக்கச் சொல்லி மனு எழுதிப் போட்டு, ஒரு சனிக்கிழமை அப்பாவை அரசு மருத்துவமனைக்கு அழைத்துப் போனேன். பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தும் நான் பேசவில்லை. அவர் வெள்ளைச் சட்டை போட்டு, தலைக்கு எண்ணெய் வைத்து, கல்யாணத்துக்குப் போகிறவர் போல வந்திருந்தார்.

காது சோதிக்கிற அறையில் எழில்மதி என்ற இளம் பெண் இருந்தார். உளுந்தூர்பேட்டைக்காரர். மேஜையில் லேப்டாப் திறந்திருந்தது. அதில் சின்னச் சின்னக் கட்டங்களில் முப்பது முகங்கள். உடம்பில் நிரந்தரமாக வந்த குறையை எப்படி அளந்து சதவீதம் போடுவது என்று டாக்டர்களுக்கும் இவரைப் போன்றவர்களுக்கும் ஆன்லைனில் பயிற்சி நடந்துகொண்டிருந்தது. "மன்னிச்சுக்குங்க, சனிக்கிழமைதான் கிளாஸு. அதே நாள்ல உங்களையும் கூப்பிட்டுட்டாங்க" என்றார். அப்பா லேப்டாப்பைப் பார்த்து, யாரோ பெரிய மனிதர்கள் கூடியிருக்கிறார்கள் என்று கும்பிட்டார். கட்டங்களில் இரண்டு மூன்று பேர் பதிலுக்குக் கும்பிட்டார்கள்.

அப்பாவைக் கண்ணாடி அறைக்குள் உட்கார வைத்து ஹெட்போன் மாட்டினார். சத்தம் கேட்கும்போதெல்லாம் விரலைத் தூக்க வேண்டும். எழில்மதி வெளியில் இருந்து பட்டனை அழுத்தினார். அப்பா விரலைத் தூக்கினார். அழுத்த அழுத்தத் தூக்கினார். வகுப்பில் முதல் ஆளாகக் கை தூக்குகிற பிள்ளையைப் போல அவ்வளவு சுறுசுறுப்பு.

ஆனால் எழில்மதியின் முகம் சுருங்கியது. ஹெட்போனைக் கழற்றிவிட்டு முதுகுக்குப் பின்னால் நின்று பேசினால் அப்பாவிடம் ஓர் அசைவும் இல்லை. "ஒண்ணுக்கொண்ணு ஒத்துப்போகலங்க" என்று என்னிடம் மெதுவாகச் சொன்னார். "இப்டி இருந்தா பேஷன்ட் ஏமாத்தறாருன்னு சந்தேகப்படணும்னு போன வாரந்தான் சொல்லிக்குடுத்தாங்க. சலுகைக்காகச் செவிடு மாதிரி நடிப்பாங்களாம்."

எனக்குச் சுருக்கென்றது. அவர் மேல் எவ்வளவு கோபம் இருந்தாலும், இன்னொருத்தி என் அப்பாவைத் திருடர் என்பதா? "நடிக்கிறதா இருந்தா ஏங்க வெரலத் தூக்கறாரு? சும்மா குந்திக்கினு இருந்தா முடிஞ்சுபோச்சே" என்றேன். சத்தமாகவே சொல்லிவிட்டேன். லேப்டாப்பில் பாடம் நடத்திக்கொண்டிருந்தவருக்கும் அது கேட்டிருக்கிறது. என்ன பிரச்சினை என்று கேட்டார். எழில்மதி சொன்னார். பாடம் நடத்தியவர் கேமராவைக் கண்ணாடிப் பக்கம் திருப்பச் சொன்னார். பிறகு, "அவரைச் சுவரைப் பார்த்து உக்கார வைங்க. உங்க கை தெரியக் கூடாது" என்றார்.

அப்பாவைத் திருப்பி உட்கார வைத்தார்கள்.

எழில்மதி அழுத்தினார். விரல் எழவில்லை. சத்தத்தைக் கூட்டி அழுத்தினார். எழவில்லை. அப்பாவின் முதுகு விறைத்திருந்தது. விரல் மட்டும் தயாராக முழங்கால் மேல் இருந்தது. ஒரு தடவை யாரும் அழுத்தாதபோது குத்துமதிப்பாகத் தூக்கிப் பார்த்தார். பிறகு தாங்க முடியாமல் தலையைத் திருப்பி எங்களைப் பார்த்தார். சரியாகச் செய்தேனா என்று கேட்கிற மாதிரி சிரித்தார்.

"கேக்கற மாதிரி நடிச்சிருக்காருங்க" என்றார் எழில்மதி. "பட்டன் அழுத்தறப்ப என் தோள் அசையுது பாருங்க. அதப் பாத்தே தூக்கியிருக்காரு. முகாம்லயும் இப்டித்தான் ஆயிருக்கும்." பிறகு லேப்டாப்பைப் பார்த்து, கொஞ்சம் கோபமாகவே, "சார், செவிடு மாதிரி நடிக்கிறவங்கள எப்டி கண்டுபுடிக்கிறதுன்னு ஒரு பாடமே வெச்சீங்க. இவங்களப் பத்தி ஒரு வரி கூட இல்லையே" என்றார்.

"இல்லைதாம்மா" என்று ஒப்புக்கொண்டார் அவர்.

அன்று மத்தியானம் அப்பாவைப் படுக்க வைத்து, தலையில் ஒயர்களை ஒட்டி இன்னொரு சோதனை எடுத்தார்கள். அதற்கு நோயாளி ஒன்றும் சொல்ல வேண்டியதில்லை. சத்தம் காதிலிருந்து மூளைக்குப் போகிறதா என்று மிஷினே அளந்துகொள்ளும். இரண்டு காதும் சேர்த்து எண்பது சதவீதத்துக்கு மேல் கேட்கவில்லை என்று வந்தது.

அதைக் கேட்டபோது எனக்குத் துக்கம் வரவில்லை. ஒரு கேள்விதான் வந்தது. "இது எத்தினி வருஷமா இருக்குங்க?"

"கிரஷர்ல இருந்தாருன்னு சொன்னீங்களே, கொஞ்சம் கொஞ்சமாப் போயிருக்கும். பத்து வருஷமாவது இப்டித்தான் இருந்திருக்கணும்."

"போன்ல பேசுனா கேக்குமா?"

"போன்லயா?" என்று அவர் என்னை விநோதமாகப் பார்த்தார். "வாய்ப்பே இல்லைங்க. நேர்ல முகத்தப் பாத்து வாயசைவ வெச்சிப் புரிஞ்சிக்கினு இருந்திருக்காரு. போன்ல முகம் ஏது? போன் அதிர்றத வெச்சி எடுத்து, மகளோ யாரோ பேசறாங்கன்னு நெனச்சி பொதுவா எதுனா சொல்லி வெச்சிருப்பாரு."

நான் வெளியே போய் மருத்துவமனைப் படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டேன். செரிம்மா, செரி, நல்லபடியா இரு, அங்கயே இரு. கட்டிக்கொடுத்த பெண்ணிடம் எந்த அப்பாவும் சொல்லி வைக்கிற வார்த்தைகள். ஒரு நாள், ஒரே ஒரு நாள் அம்மா வீட்டில் இருந்திருக்கக் கூடாதா? வந்த பிறகாவது நான் அவர் முகத்துக்கு நேரே நின்று ஏன் என்று சண்டை போட்டிருந்தால், அவர் முழித்திருப்பார், எல்லாம் அன்றைக்கே தெரிந்திருக்கும். பேசாமல் இருந்ததுதான் பெரிய தண்டனை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அவருக்கு அதுகூடத் தெரிந்திருக்காது. அவரோடு பேசினாலும் பேசாவிட்டாலும் ஒன்றுதானே? ஒரு வீட்டில் மூன்று பேர், இப்படியா இருப்போம்? அழுதேன். அப்பா பின்னால் வந்து நின்றார். சதவீதம் கிடைக்காததால் அழுகிறேன் என்று நினைத்து, "போனா போவுது விடும்மா" என்று தலையைத் தடவினார்.

காது மிஷின் வர ஒரு மாதம் ஆனது. எழில்மதி மாட்டிவிட்டு, எல்லாக் குரலும் முதலில் கொஞ்சம் வேறு மாதிரி இருக்கும், முகத்தைப் பார்த்துப் பேசினால் புரியும், பழகப் பழக வரும் என்று சொல்லி அனுப்பினார். மலைக்கு ஏறுகிற பஸ் வளைவில் ஆரன் அடித்தபோது அப்பா துள்ளி விழுந்தார். பிறகு ஒவ்வொரு வளைவுக்கும் ஆரனுக்காகக் காத்திருந்து, வந்ததும் என்னைப் பார்த்துச் சிரித்தார். என்னால் இப்போது அந்தச் சிரிப்பைப் பார்க்க முடியவில்லை. வேறு காரணத்துக்காக.

வீட்டில் அம்மா கோழியை விரட்டிக்கொண்டிருந்தாள். அப்பா நின்று கேட்டார். "இன்னா சாமியம்மா, இன்னும் இப்டித்தான் கத்திக்கினு கீறியா? பக்கத்து வூட்டுக்காரங்க எப்டித்தான் இருக்கறாங்களோ" என்றார். அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள், அழுதாள்.

"நீ எதுனா பேசும்மா" என்று என் பக்கம் திரும்பினார்.

எல்லாவற்றையும் வீட்டில் வைத்துச் சொல்லிவிட வேண்டும் என்றுதான், மிஷின் மாட்டியதிலிருந்து பேச்சுக் கொடுக்காமல் வந்திருந்தேன். அன்றைக்கு நான் போனில் என்ன கேட்டேன், அவர் என்ன சொன்னார், அதற்குப் பிறகு என்ன ஆனது, எல்லாவற்றையும். "அப்பா" என்று ஆரம்பித்தேன். "அப்பா, நான் செவ்வந்தி பேசறேன்."

அவர் தலையைச் சாய்த்தார். முகத்தில் இருந்த சிரிப்பு போய்விட்டது. "இன்னொரு தபா சொல்லு" என்றார். சொன்னேன்.

"இது உன் குரலு இல்லியே?"

"மிஷின்ல அப்டித்தாம்பா கேக்கும். அந்தப் பொண்ணு சொன்னாங்கல்ல?"

"உங்கம்மா குரலு அப்டியேதான கீது. உன்னுது மட்டும் ஏன் இப்டி ஒடஞ்சி கெடக்குது?"

நான் போன் செய்த பிறகு அங்கேயே இருந்த அந்த இரண்டு வருஷத்தில், ஒரு சாயங்காலம் கட்டினவன் என் கழுத்தை நெரித்தான். விட்டபோது மூச்சு வந்தது, குரல் பழையபடி வரவில்லை. விழுப்புரத்தில் பார்த்த டாக்டர் இனி இவ்வளவுதான் என்றார். அம்மாவுக்கு அது தெரியும். ஊருக்கும் கடைக்கும் இந்தக் குரல் பழகிவிட்டது. அப்பா ஒருவர்தான் இன்றைக்கு முதல் முதலாகக் கேட்கிறார். கல்யாணத்துக்கு முன்னால் நான் பேசியதுதான் அவர் காதில் மிச்சம் இருந்திருக்கிறது.

அம்மா கோழியை விட்டுவிட்டு என்னையே பார்த்தாள்.

"சளிப்பா" என்றேன். "பஸ்ஸு காத்து ஒத்துக்கல."

அவர் என் வாயை உற்றுப் பார்த்தார். பிறகு தலையாட்டினார். "அப்ப இன்னிக்கி பேச வேணாம், தொண்ட நோவும். சளி செரியானதும் நெறைய பேசும்மா. இனிமேட்டு நான் கேப்பேன்" என்றார்.