சனூஸா பூட்டிய சீல்

கிண்ணியாவில் பார்சல் கம்பனிக் கிளையொன்றில் வேலை செய்கிறவள் சனூஸா. அவளுடைய கணவர் லாபிர், ஒப்பந்தக்காரர் முனாபின் லொறியில் திருகோணமலைத் துறைமுகத்துப் படைமுகாமுக்கு அரிசி, பருப்பு கொண்டுபோகிறவர். நல்ல பருப்பாக ஏற்றிய மூட்டைகளில் சில, முகாமில் இறக்கும்போது வண்டு விழுந்த பருப்பாக இருந்தன. இரண்டாம் முறையும் அப்படி நடந்ததும் வழியில் மாற்றியவர் அவர்தானென்று எல்லாருடைய பார்வையும் லாபிர் மேல் விழுந்தது. மனுசன் சாப்பாட்டைக்கூடச் சரியாகத் தொடவில்லை.

சனூஸா, அண்ணன் முறையில் தான் 'நானா' என்று கூப்பிடும் முனாபிடம் நேரே போனாள்.

"நானா, ஒரு போன் பெட்டிய அனுப்புறதுக்கே நாங்க சீல் போடுறம். பட்டாளத்துச் சாப்பாடு சும்மா கயித்துக் கட்டோட போகுது."

"கள்ளனப் பிடிச்சுத் தருவீங்களோ?"

"அது எனக்கு ஏலாது. ஆனா, இவர்தான் எடுத்தவரெண்டு இனி ஒருத்தரும் சொல்ல மாட்டாங்க."

முனாப் சம்மதித்தார். அன்று முதல் வேலைக்குப் போகும் வழியில் அவருடைய களஞ்சியத்துக்குப் போவாள். மூட்டைகளைத் தன் கண்ணால் பார்த்து, அறுத்தால்தான் கழலும் இலக்கமிட்ட பிளாஸ்டிக் சீலை லொறிக் கதவில் பூட்டி, அதைப் படமெடுத்து முகாமின் களஞ்சியப் பொறுப்பாளருக்கு அனுப்புவாள். கூடவே ஒரு ரகசிய எண்ணும் போகும். அவர் சீலைப் பார்த்து அந்த எண்ணைச் சொல்லி, அது சரியென்று சனூஸா போனில் சொன்னால்தான் லாபிர் கதவைத் திறக்கலாம்.

ஒருநாள் மழையில், கிண்ணியாப் பாலம் தாண்டியதும் லொறி நின்றுவிட்டது. முனாப் வேறொரு லொறியை அனுப்பி, சாமானை மாற்றி ஏற்றச் சொன்னார். லாபிர் மனைவிக்குப் போன் எடுத்தார்.

"திறக்க வேணாம். நான் நானாவோட கதைக்கிறன்" என்றாள் அவள்.

முனாப் சீறினார். "என்ட சாமான், என்ட லொறி. எனக்கே ஏலாதோ?"

"இண்டைக்கு நாங்களே வழியில திறந்தா, நாளைக்கு ஆர் திறந்ததெண்டு எப்படித் தெரியும், நானா?"

"அப்ப இழுத்துக்கொண்டுதான் போகவேணும்" என்றார் முனாப்.

வயலில் நின்ற உழவு இயந்திரமொன்றை அவரே பேசி அனுப்பினார். அது லொறியை முகாம் வாசல்வரை இழுத்துப்போனது. பொறுப்பாளர் நனைந்தபடியே சீலைத் துடைத்து இலக்கத்தை வாசித்து, எண்ணைச் சொன்னார். மூட்டைகள் ஏற்றியபடியே இருந்தன.

அதற்குப்பிறகு முறைப்பாடு வரவில்லை. முனாபின் மற்ற லொறிகளுக்கும் இப்போது சீல்தான். முழுநேரமாகத் தன்னிடமே வரும்படி அவர் கேட்டார். பார்சல் வேலையை விட்டுவரச் சனூஸாவுக்கு மனமில்லை. காலையில் மட்டும் வந்து போகிறாள். அவள் சீல் பூட்டும்வரை லாபிர் லொறிக்குப் பக்கத்தில் பிளேன்டீயோடு நின்று, மற்றச் சாரதிமாரோடு சிரித்துக் கதைத்துக்கொண்டிருப்பார்.