அம்மாவைப் பார்த்துச் சிரித்தார்கள்

அம்மா வேலை செய்த ஷூ கம்பெனியின் பஸ் மாலையில் பள்ளிகொண்டாவுக்கு வரும்போது, ஹாரனுக்கு முன்னால் சிரிப்புச் சத்தம்தான் கேட்கும். பின் சீட்டுப் பெண்களின் சிரிப்பு அது. காலையிலிருந்து மிஷின் முன்னால் குனிந்து உட்கார்ந்து தோலில் தையல் போட்டவர்கள், ஆம்பூரில் பஸ் கிளம்பியதும் ஆரம்பித்தால் அவரவர் ஊர் வந்து இறங்குகிற வரை ஓய மாட்டார்கள். அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே இறங்குவாள். அப்படி என்ன சொன்னார்கள் என்று கேட்பேன். ஒன்றுமில்லை என்பாள். நாலாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்த எனக்கு, பெரியவர்கள் நல்ல ஜோக்குகளை எல்லாம் தங்களுக்குள்ளேயே பதுக்கிக்கொள்கிறார்கள் என்று பெரிய மனக்குறை இருந்தது.

அந்த வருடம்தான் அம்மாவை சூப்பர்வைசர் ஆக்கினார்கள். நீலக் கோட்டு கொடுத்தார்கள். அப்பா இனிப்பு வாங்கி வந்தார். நான் வகுப்பில் எல்லோரிடமும் சொன்னேன், கேட்காதவர்களிடமும் சொன்னேன். எனக்கும் அப்பாவுக்கும் தெரியாத ஒரு விஷயம் அந்த பஸ்ஸில் இருந்தது. நீலக் கோட்டுக்காரர்கள் டிரைவருக்குப் பின்னால் முன் சீட்டில்தான் உட்கார வேண்டும். எந்த போர்டிலும் எழுதியிருக்காது. ஆனாலும் யாரும் மாற்றி உட்கார்ந்ததில்லை.

அம்மா மாற்றி உட்கார்ந்து பார்த்தாள். கோட்டோடு பின் சீட்டுக்குப் போனதும் எல்லோரும் நகர்ந்து தாராளமாக இடம் கொடுத்தார்களாம். பக்கத்து மிஷின் அக்கா, அதாவது தினமும் அம்மாவின் டிபன் பாக்ஸில் கேட்காமலே கை வைத்துச் சாப்பிடுகிறவள், “உக்காருங்க மேடம்” என்றாளாம். அதற்குப் பிறகு பள்ளிகொண்டா வரும் வரை ஒருவரும் வாய் திறக்கவில்லை. அன்று வீட்டுக்கு வந்து கோட்டைக்கூடக் கழற்றாமல் அம்மா வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். மறுநாளிலிருந்து முன் சீட்டிலேயே வந்தாள்.

பிறகு தலைவலி வந்தது. தூக்கம் போயிற்று. சோற்றைப் பிசைந்துவிட்டு அப்படியே எழுந்துவிடுவாள். எங்கள் வீட்டில் வேறு எந்தச் சத்தத்தையும் நான் அதற்கு முன்னால் கவனித்ததில்லை. அம்மாவின் சிரிப்பு நின்றதும் மிக்சி, ஃபேன், பக்கத்து வீட்டு டிவி எல்லாம் தனித்தனியாகக் கேட்டன. எனக்குப் பயமாக இருந்தது.

அப்பா பள்ளிக்கூடத்தில் அறிவியல் வாத்தியார். எதையும் முறைப்படி செய்வார். அம்மாவை வேலூருக்கு ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனார். என்னையும் கூட்டிப் போனார்கள். ரத்தம் எடுத்தார்கள், இதயத்தைப் படம் பிடித்தார்கள். டாக்டரம்மா எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, பிரஷர் கொஞ்சம் ஜாஸ்தி, மற்றபடி ஒன்றும் இல்லை என்றார். மாத்திரை எழுதிக்கொண்டே, மனசு விட்டுப் பேசிச் சிரிக்க ஆள் இருக்கிறார்களா என்று அம்மாவைக் கேட்டார். அம்மா வாயைத் திறப்பதற்குள் அப்பா, “அதெல்லாம் நாங்க நல்லா பேசுவோம் டாக்டர்” என்றுவிட்டார்.

அதன் பிறகு வீட்டில் வைத்தியம் தடபுடல் பட்டது. அப்பா உப்பைக் குறைத்தார். அம்மாவுக்கு மட்டும் என்றால் நியாயமில்லை என்று எங்கள் எல்லோருக்கும் குறைத்தார். குடியாத்தத்திலிருந்து பெரியம்மா வந்து சீரகத் தண்ணீரும் ஜெபம் பண்ணின எண்ணெயும் கொடுத்துவிட்டுப் போனாள். சிரிப்பதால் ரத்த ஓட்டம் சீராகும், மனக்கவலை குறையும் என்று அப்பா எதிலோ படித்தார். மறுநாள் காலையிலேயே எங்களை மொட்டை மாடியில் வரிசையாக நிறுத்தி, கையை மேலே தூக்கி “ஹா ஹா ஹா” சொல்லவைத்தார். அப்பா கணீரென்று சொல்வார். நான் கத்துவேன். அம்மா மட்டும் ஆஸ்பத்திரி சீட்டு வாங்கும் வரிசையில் நிற்கிற முகத்தோடு, மெதுவாக “ஹா” என்பாள். கீழே பால் ஊற்ற வந்தவர் அண்ணாந்து பார்த்துவிட்டு, எதுவும் கேட்காமல் போய்விட்டார். அம்மாவின் தலைவலி அப்படியே இருந்தது.

ஒரு நாள் அடுப்படியில் அம்மா அப்பாவிடம் சொல்வது காதில் விழுந்தது. “முடியலங்க. இந்த மாசத்தோட நின்னுடுறேன்.” நான் பிறப்பதற்கு முன்பிருந்தே அம்மா போய்க்கொண்டிருந்த வேலை அது. அம்மா வேலைக்குப் போகாத ஒரு வீட்டை என்னால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை.

இதற்கிடையில் ஆயுத பூஜை வந்தது. முதலாளி முஸ்லிம். நாங்கள் சர்ச்சுக்குப் போகிறவர்கள். ஆனால் மிஷினுக்குச் சந்தனம் வைக்கிற அன்று கம்பெனியில் யாரும் லீவு போட மாட்டார்கள். வீட்டுப் பிள்ளைகளைக் கேட்டுக்குள் விடுகிற நாளும் அது ஒன்றுதான். நானும் அம்மாவோடு போனேன். பூஜை முடிந்து பொரியும் சுண்டலும் கொடுத்தார்கள். ஆபீசில் கூப்பிட்டார்கள் என்று அம்மா போனாள். நான் மாலை போட்டிருந்த மிஷின்களை வேடிக்கை பார்த்துக்கொண்டே ஹாலின் கடைசிக்குப் போனேன்.

அங்கே பெண்கள் வட்டமாக நின்றிருந்தார்கள். நடுவில் பக்கத்து மிஷின் அக்கா. கழிவுத் தோலில் மூக்குக்கண்ணாடி மாதிரி வெட்டி மூக்கு நுனியில் மாட்டியிருந்தாள். யாருடைய நீலக் கோட்டையோ போட்டிருந்தாள். தலையை ஒரு பக்கம் சாய்த்து நடந்து வந்து, ஒரு ஷூத் துண்டை எடுத்து டியூப் லைட்டுக்கு நேராகப் பிடித்தாள். கட்டை விரல் நகத்தால் தையலைத் தடவினாள். மூக்கை ஒரு தரம் உறிஞ்சினாள். பிறகு பெருமூச்சோடு, “பிரிச்சி மறுபடி போடும்மா” என்றாள். எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

அது அம்மா, மூக்கு நுனிக் கண்ணாடி உட்பட. அந்த மூக்குறிஞ்சல் எங்கள் வீட்டில் நான் தினமும் கேட்பது. என் வீட்டுப்பாடத்தைப் பார்க்கும்போதும் அப்படித்தான் உறிஞ்சுவாள். பொரிப் பொட்டலத்தைக் கசக்கினேன். உடம்பு சரியில்லாதவளைக் கிண்டல் செய்கிறார்களே என்று அழுகை வந்தது.

சிரிப்பு சட்டென்று நின்றது. எனக்குப் பின்னால் அம்மா நின்றிருந்தாள். அக்காவின் முகம் வெளுத்துவிட்டது. தோல் கண்ணாடியைக் கழற்றவும் மறந்து, “மேடம், சும்மா...” என்று இழுத்தாள். எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். அம்மா திட்டப்போகிறாள், நன்றாகத் திட்டட்டும் என்று நான் காத்திருந்தேன்.

அம்மா அவளைத் தலையிலிருந்து கால் வரை பார்த்தாள்.

“இன்னாடி நடை இது? நான் இவ்ளோ நேராவா நடக்கிறேன்? இடுப்புல கைய வெய்யி.”

அம்மா அந்தத் துண்டை அவள் கையிலிருந்து வாங்கி, தானே இடுப்பில் கை வைத்துச் சாய்ந்து நடந்தாள். லைட்டில் பிடித்தாள். நகத்தால் தடவினாள். மூக்கை இரண்டு மடங்கு சத்தமாக உறிஞ்சினாள். “பிரிச்சி” என்று ஆரம்பித்தவளுக்கு மேலே வரவில்லை. சிரிப்பு வந்துவிட்டது. அக்கா அவள் மேலேயே சாய்ந்தாள். சிரிப்பில் அம்மாவுக்கு இருமல் வந்து, நிற்க முடியாமல் தரையில் உட்கார்ந்துவிட்டாள். யாரோ தண்ணீர் கொண்டுவந்தார்கள். குடித்த தண்ணீரும் மூக்கில் ஏறி, மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பித்தது.

திரும்பும்போது அம்மா வழக்கம்போல முன் சீட்டில் உட்காரப் போனாள். “யக்கா, அங்க இன்னா பண்ற? இங்க வா” என்று பின்னாலிருந்து குரல் வந்தது. அம்மா போனாள். நானும் போனேன், ஆனால் ஜன்னலைப் பார்த்தபடியே வந்தேன். பக்கத்து மிஷின் அக்கா கொடுத்த சுண்டலை வாங்கவில்லை.

அன்று அம்மா இரண்டாம் முறை சோறு போட்டுக்கொண்டாள். அப்பா என்னைப் பார்த்து, மாத்திரை வேலை செய்கிறது என்பதாகக் கண்ணைச் சிமிட்டினார். போனில் விஷயம் கேட்ட பெரியம்மா, எண்ணெயை நிறுத்திவிட வேண்டாம் என்றாள். வேலையை விடுவதைப் பற்றி யாரும் பேசவில்லை. எனக்கு மட்டும்தான் உண்மை தெரியும் என்று நினைத்தேன். டிவி சீரியல்களில் துக்கம் தாங்காதவர்கள் இப்படித்தான் சிரிப்பார்கள். அத்தனை பேர் முன்னால் அவமானப்பட்டதை அம்மா மறைக்கிறாள். ஒருவரை மேடம் என்று கும்பிட்டு ஒதுக்கிவைப்பவர்கள், அவரைத் தங்களில் ஒருவராகச் சேர்த்துக்கொண்டால்தான் கேலி செய்யத் துணிவார்கள் என்பது அந்த வயதில் எனக்கு எப்படித் தெரியும்?

பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தவளிடம் போய் மெதுவாகச் சொன்னேன். “அவங்க சிரிச்சத மனசுல வெச்சிக்காதம்மா. அழணும்னா அழு. நான் அப்பாகிட்ட சொல்ல மாட்டேன்.”

அம்மா என்னையே பார்த்தாள். உதடு நடுங்கியது. இதோ அழப்போகிறாள் என்று நான் அவள் முந்தானையைப் பிடித்துக்கொண்டேன். அவள் ஈரக்கையோடு சுவரைப் பிடித்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தாள். சிரித்துக்கொண்டே அப்பாவிடம் ஓடினாள். கொஞ்ச நேரத்தில் அப்பாவும் சிரிப்பது கேட்டது. பாவம், அப்பாவிடமும் மறைக்கிறாளே என்று எனக்கு மனசு கனத்துப்போயிற்று.

படுக்கப் போகும் முன் முழங்காலில் நின்று, என் அம்மாவைப் பார்த்து இனிமேல் யாரும் சிரிக்கக் கூடாது ஆண்டவரே என்று கண்ணீரோடு வேண்டிக்கொண்டேன். நல்லவேளை, ஆண்டவர் அந்த ஜெபத்தைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.