நெல் காயும் சாலையில் இடப்பக்கம்

மணிமுத்தாறிலிருந்து கல்லிடைக்குறிச்சிக்கு நடந்துகொண்டிருந்தேன். தோளில் ஒரு பை. காலையில்தான் டிப்பர் லாரியின் சாவியை முதலாளியிடம் கொடுத்திருந்தேன். பிரேக் பிடிக்காத வண்டியை ஓட்ட மாட்டேன் என்றேன். ஓட்டுகிற ஆளைப் பார்த்துக்கொள்கிறேன் என்றார். இப்படி விட்டுவிட்டு வந்த வேலைகளில் அது எத்தனையாவது என்று எனக்கே நினைவில்லை.

பிசானப் பருவ நெல் அறுவடை நேரம். தார்ச்சாலையின் இடது பாதியில் நீளத்துக்கு நெல்லைக் காயப்போட்டு, ஓரத்தில் கல் வைத்திருந்தார்கள். எதிரே வருகிற வண்டி கண்ணில் படட்டும் என்று வலது ஓரமாகவே நடந்தேன். வண்டி வந்தது முதுகுக்குப் பின்னால். டயர் தேய்கிற சத்தம் கேட்டு வாய்க்கால் பக்கம் குதித்தேன். வெள்ளைக் கார் ஒன்று நான் நடந்த இடத்தைத் தாண்டிப் போய் நின்றது.

இறங்கிய பெண்ணுக்கு ஐம்பது வயதிருக்கும்.

"அடி ஏதும் படலையே? நெல்லைச் சுத்திண்டு வலது பக்கம் வந்தேன். அப்படியே வந்துண்டே இருக்கேன், தெரியவே இல்லை."

"எந்த ஊர்ல ஓட்டிப் பழக்கம்மா?"

"அமெரிக்கா. இருபத்தஞ்சு வருஷம்."

எனக்கு விளங்கிவிட்டது. எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்ட நான் வளைகுடாவில் ஏழு வருஷம் லாரி ஓட்டியிருக்கிறேன். அங்கே போன முதல் மாதத்தில் மூன்று தடவை எதிர்ப்பாதையில் ஏறினேன். மூன்றும் நெரிசலில் அல்ல, ஆளில்லாத சாலையில். எதிரே வண்டி வந்தால் அதுவே சொல்லிக் கொடுத்துவிடும். காலிச் சாலையில்தான் கை பழைய ஊருக்குத் திரும்பிவிடுகிறது.

கல்லிடைக்குறிச்சியில் இருக்கும் அப்பாவுக்காக ஆறு மாத விடுப்பில் வந்திருப்பதாகச் சொன்னார். வாரம் இரண்டு நாள் திருநெல்வேலியில் டயாலிசிஸ். அமர்த்திய டிரைவர்கள் ஒருநாள் வந்தால் மறுநாள் வருவதில்லை. பெங்களூரிலிருந்து தம்பி வந்திருக்கிறார். மறுநாள் காலையில் அப்பாவைத் தன்னோடு அழைத்துப் போவதாக ஏற்பாடு. அப்பாவுக்கு வீட்டை விட்டு வர மனமில்லை.

"டயாலிசிஸுக்கு நானே ஓட்டிக் கூட்டிண்டு போறேன்னு சொன்னேன். தம்பி சிரிக்கறான்."

"இப்ப என் மேல ஏத்தியிருந்தா, நாளைக்கு நீங்க போலீஸ் ஸ்டேஷனுக்குல்லா போயிருப்பீங்க."

அவருக்குச் சிரிப்பு வந்தது. "ஏறி உக்காருங்கோ. சொல்லிக் கொடுங்கோ" என்றார்.

எனக்கு ஒரு வேலையும் இல்லை. ஏறினேன்.

இண்டிகேட்டர் போடுவதாக நினைத்து வைப்பரைப் போட்டார். வெயிலில் காய்ந்த கண்ணாடியை அது கீச்சென்று தேய்த்தது. அதைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம் என்றேன். வைப்பர் ஓடினால் யாரும் சாவதில்லை. முச்சந்தியில் முதலில் வலது பக்கம் பார்க்கச் சொன்னேன். பஸ் ஹாரன் அடித்தால் திட்டுகிறான் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம், வருகிறேன் என்று சொல்கிறான் என்றேன். அப்புறம், வளைகுடாவில் என் உயிரைக் காத்த விதி ஒன்றைச் சொன்னேன்.

"நீங்க இருக்க சீட்டு எப்பவும் நடுரோட்டுப் பக்கமா இருக்கணும். அங்கயும் அப்படித்தான், இங்கயும் அப்படித்தான். ஓரத்துப் பக்கம் நீங்க இருந்தா ரோடு தப்பு. பெட்ரோல் போட்டுட்டுக் கிளம்பையில, நெல்லச் சுத்துனதும், 'நடுரோடு என் பக்கம்'னு வாய்விட்டுச் சொல்லுங்க."

"வாய்விட்டா?"

"ஆமா. வெக்கப்பட்டா வேலைக்காவாது."

மாலை வரை மணிமுத்தாறு சாலையிலேயே போனோம், வந்தோம். வழியில் கிடந்த ஒவ்வொரு நெல்லையும் சுற்றினோம். நெல்லைக் கிண்டிவிட்டுக்கொண்டிருந்த ஒருவர், "ஏலே, கார வச்சு காவலா காக்கிய?" என்று கேட்டார்.

வீட்டு வாசலில் தம்பி நின்றிருந்தார். "என்ன அக்கா, டிரைவர் கிடைச்சாச்சா?"

"டிரைவர் நான்தான். ஏறு, அம்பாசமுத்திரம் போயிட்டு வரலாம். சரியா ஓட்டினா அப்பா இங்கேயே இருக்கட்டும்."

தம்பி முன் சீட்டில் ஏறினார். நான் பின்னால். "இவர் ஒரு வார்த்தை பேசப்படாது" என்றார் தம்பி. சரி என்றேன்.

ஆற்றுப் பாலம் தாண்டிப் போகும்போது தப்பில்லை. திரும்பி வருகையில் ஒரு வளைவுக்குக் கொஞ்சம் முன்னால் இடது பாதி முழுக்க நெல். சுற்றுவதற்கு வலப்பக்கம் போனார். நெல் முடிந்தது. கார் வலப்பக்கத்திலேயே போனது. எதிரே ஒன்றும் இல்லை. நான் நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

"நடுரோடு என் பக்கம்" என்றார் சத்தமாக. கார் இடப்பக்கம் வந்தது.

தம்பி, "யார்கிட்ட பேசறே?" என்று கேட்டு முடிப்பதற்குள் வளைவிலிருந்து பஸ் வந்தது. ஹாரன் அடித்துக்கொண்டு, பாதி சாலையை அடைத்துக்கொண்டு, எங்களைக் கடந்து போனது. அக்கா வேகத்தைக் கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. தம்பி திரும்பி, பஸ் போன பக்கத்தையே பார்த்தார்.

வீட்டு வாசலில் கார் நின்றதும் தம்பி இறங்கி உள்ளே போனார். "அப்பா, உங்க பெட்டியைப் பிரிச்சுடலாம்" என்று சொன்னது வெளியே கேட்டது. அக்கா ஸ்டியரிங்கை விடாமல் உட்கார்ந்திருந்தார். முகத்தில் அப்படி ஒரு வெற்றி. ஏழு வருஷம் பாலைவனத்தில் ஓட்டியும் எனக்கு அப்படி ஒரு முகம் வாய்த்ததில்லை.

பெரியவரைத் தூக்கி ஏற்றவும் இறக்கவும் ஒரு கை வேண்டும் என்று தம்பியே கேட்டார். கனரக வாகன லைசென்ஸ் வைத்திருந்த நான் மறுநாள் காலை பின் சீட்டில் ஏறினேன். அக்கா ஓட்டினார். திருநெல்வேலி ஆஸ்பத்திரி வாசலில் இறங்கி, சக்கர நாற்காலியை விரித்து, பெரியவரின் கைக்குக் கீழே என் தோளைக் கொடுத்தேன்.