கோப்பி தருவார், நன்றி தரமாட்டார்

டோஸ்ட்ருப் நிலையத்தில் ரயிலை விட்டு இறங்கிக்கொண்டிருந்தபோது நான் வேலை செய்கிற இல்லத்துக்கு வந்துபோகிற கிரீன்லாந்துப் பெண் நீவியின் அழைப்பு வந்தது. வழக்கமாகக் குறுஞ்செய்தி மட்டும் அனுப்புகிறவள். "அக்கா போயிட்டா" என்றாள். 'அக்கா' என்ற சொல் மட்டும் தமிழ், மற்றது டேனிஷ். மேடையிலேயே நின்றுவிட்டேன். மாலியா அக்கா இறந்துவிட்டார் என்று கேட்டதும் எனக்குக் கோபம்தான் வந்தது. கொம்யூன் என்று நாங்கள் சொல்கிற நகரசபையில் அந்த வியாழக்கிழமை ஒரு குடும்பத்துக்காக நாங்கள் இருவரும் போய்க் கொழுவவேண்டி இருந்தது. சண்டைக்கு நாள் குறித்துவிட்டு மாலியா அக்கா வராமல் விட்டதில்லை.

உங்களில் பலருக்கு அவரைத் தெரியும். எங்கள் சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கூடம் நடக்கிற அதே கட்டடத்தின் கீழ்த்தளத்தில் கிரீன்லாந்துக் குடும்பங்களுக்கான இல்லத்தை நடத்தியவர். கட்டையான உருவம், நரைத்த பின்னல், எந்தக் காலத்திலும் ஒரு ஆண்பிள்ளைக் கம்பளிச் சட்டை. படிக்கவும் வேலைக்கும் வைத்தியத்துக்கும் வந்து இந்த நகரத்திலேயே தங்கிவிட்ட கிரீன்லாந்துப் பூர்வகுடிகள், பிள்ளைகளோடு வந்து தங்கள் மொழியில் கதைத்து, தங்கள் மீனைச் சாப்பிட்டு, கொம்யூன் கடிதங்களைப் பயமில்லாமல் பிரித்துப் பார்க்கிற இடம் அது. 'அக்கா' என்று முதலில் கூப்பிட்டது நம் பள்ளிக்கூடத்துத் தாய்மார்தான். அர்த்தத்தைக் கேட்டதும் அவருக்கு நல்ல சந்தோசம். பெயரை விட்டு உறவு சொல்லிக் கூப்பிடுவதுதான் தங்கள் ஊரிலும் மரியாதை என்றார். அவர் பேசியது டேனிஷ்தான். என் காதில் அது எங்கள் ஊர்ப் பேச்சாகவே விழுந்தது. அப்படியே எழுதுகிறேன்.

நான் அங்கே வேலைக்குப் போனது தற்செயல். முதியோர் பராமரிப்பில் முதுகு போய், வேறு வேலை தேடிக்கொண்டிருந்தேன். நேர்முகத்தில் அவர் சான்றிதழ் எதையும் பார்க்கவில்லை. கொம்யூன் ஆட்கள் வந்து வீட்டுக் கதவைத் தட்டினால் முதலில் என்ன செய்வாய் என்று கேட்டார். தேத்தண்ணி போடுவேன், பிறகு பயப்படுவேன் என்றேன். அவர் மேசையில் தட்டிச் சிரித்தார். "எங்கட சனமும் அதைத்தான் செய்யுது. நாளைக்கு வா" என்றார்.

கருவாட்டுக் கதை உங்களுக்கு நினைவிருக்கும். சமையலறை இரண்டு பகுதியினருக்கும் பொது. மணம் தாங்க முடியவில்லை என்று மேல்தளத்தில் இருந்து முறைப்பாடு வந்தது. அது எங்கள் கருவாடுதான் என்று நம் ஆட்களே முடிவு செய்து, மன்னிப்புக் கேட்கக் கேக்கும் வாங்கிக்கொண்டு வந்து நின்றார்கள். கட்டடப் பொறுப்பாளர் வாயைத் திறக்குமுன் மாலியா அக்கா, அது கிரீன்லாந்தில் காய வைத்த மீன் என்றும், வெள்ளிக்கிழமையும் அதைத்தான் சாப்பிடப்போகிறோம் என்றும் சொன்னார். பிறகு எங்கள் பக்கம் திரும்பினார். "மணத்துக்கெல்லாம் மன்னிப்புக் கேக்கத் தொடங்கினியள் எண்டா, நாளைக்கு மூச்சு விடுறதுக்கும் கேக்கச் சொல்லுவினம்." கேக்கை நாங்களே சாப்பிட்டு முடித்தோம்.

கொம்யூனோடு கொழுவாதே, தலையைக் குனிந்துகொண்டு போ, பிள்ளைகளை எடுத்துவிடுவார்கள் என்று எங்களுக்குள் சொல்லிச் சொல்லியே நாங்கள் இங்கே வாழ்ந்தோம். நம்மில் அனேகருக்கு அது வெறும் பயம். கீழ்த்தளத்துக் குடும்பங்களுக்கு அது நடந்த விசயம்.

நீவிக்கு நடந்ததை அவளுடைய சம்மதத்தோடு சொல்கிறேன். பெயரை மட்டும் மாற்றியிருக்கிறேன். அவள் வயிற்றில் பிள்ளையோடு இருந்தபோது அவளுடைய தகப்பன் கிரீன்லாந்தில் இறந்துபோனார். பிறந்த ஆண் குழந்தைக்கு அவருடைய பெயரை, மினிக் என்று வைத்தாள். தாயாக இருக்கத் தகுதி உண்டா என்று அவளைப் பரீட்சித்த கொம்யூன் ஆட்கள், தகுதி இல்லை என்று எழுதினார்கள். மினிக் பால் மணம் மாறுமுன் வேறொரு வீட்டுக்குப் போனான். வாரத்தில் ஒரு மணித்தியாலம், ஒருவர் பக்கத்தில் இருந்து கவனிக்க, அவள் தன் பிள்ளையைத் தூக்கலாம்.

பிள்ளையைத் திருப்பிக் கேட்டுப் போன கூட்டத்தில் நானும் இருந்தேன். கவனித்தவரின் அறிக்கையை வாசித்தார்கள். தாய் தன் குழந்தையை 'அப்பா' என்று அழைக்கிறார், யார் பெற்றவர் யார் பிள்ளை என்ற தெளிவு அவரிடம் இல்லை, குழந்தையிடம் இருந்து ஆதரவை எதிர்பார்க்கிறார் என்று இருந்தது. மாலியா அக்கா பொறுமையாக விளக்கினார். இறந்தவரின் பெயர் பிறந்த பிள்ளைக்கு வந்தால், அவர் உறவும் அந்தப் பெயரோடு வரும். இறந்தவரை எப்படிக் கூப்பிட்டார்களோ அப்படியே பிள்ளையையும் கூப்பிடுவார்கள். துக்கத்தில் இருக்கிற ஒரு வீட்டை அது தூக்கி நிறுத்தும் என்றார். உத்தியோகத்தர் தலையாட்டிக் கேட்டுவிட்டு, உங்கள் பண்பாட்டை மதிக்கிறோம், ஆனாலும் குழந்தைக்கு அது சுமை என்றார். நீவி மேசையைப் பார்த்துக்கொண்டு இருந்தாள்.

வாய் திறப்பதில்லை என்று நினைத்துத்தான் போயிருந்தேன். எப்படித் திறந்தது என்று தெரியாது.

"நானும் என்ர மகனை அப்பு, அப்பா எண்டுதான் கூப்பிடுறன். மகளை அம்மா எண்டு. சாப்பிட மாட்டன் எண்டு அடம்பிடிச்சா, 'என்ர அம்மா எல்லே, ஒரு வாய்' எண்டு கெஞ்சிறன். எங்கட ஊரில எல்லாத் தாய்மாரும் அப்பிடித்தான். எத்தினை பிள்ளையளை எடுக்கப்போறியள்?"

இவர்கள் இனி என் வீட்டுக்கும் வருவார்கள் என்று அதற்குப் பிறகுதான் உறைத்தது. அன்று பின்னேரம் என் கணவர், உனக்கென்ன விசரோ, எங்கட பிள்ளைகளை ஏன் இழுத்தாய் என்று ஏசினார். ஆனால் கூட்டம் முடிந்து நடையில் வந்தபோது மாலியா அக்கா என் தோளைப் பிடித்து நிறுத்தினார். "இண்டைக்குத்தான் நீ வேலைக்குச் சேர்ந்தாய்" என்றார்.

அந்த ஒரு பேச்சால் பிள்ளை திரும்பி வரவில்லை. கிரீன்லாந்து மொழி தெரிந்த ஒருவர் நீவியைப் பார்த்துப் புதிதாக அறிக்கை எழுத வேண்டும் என்று மாலியா அக்கா ஒவ்வொரு கதவாகத் தட்டினார். ஒரு கதவைச் சாத்தினால் அடுத்ததுக்குப் போனார். கடைசியில் அப்படி ஒரு அறிக்கை வந்து, மினிக் வீட்டுக்கு வந்தபோது அவனுக்கு ஓடித் திரிகிற வயது.

அவன் வந்ததற்குக் கீழ்த்தளத்தில் கோப்பி விருந்து வைத்தார்கள். கிரீன்லாந்து வழக்கப்படி அதற்குக் குறித்த நேரம் இல்லை. வருகிறவர்கள் இருந்து, குடித்து, கேக் சாப்பிட்டு, அடுத்தவருக்குக் கதிரையை விட்டுவிட்டுப் போகவேண்டும். நம் ஆட்கள் ரோல்ஸ் பலகாரத் தட்டுகளோடு ஒன்றாக வந்து இறங்கி, இனிச் சோறு வரும் என்று நம்பி, எழும்பாமல் இருந்தார்கள். கிரீன்லாந்துச் சனம் வாசலில் வரிசையில் நின்றது. "இவையள் குடியேற வந்த ஆக்கள், எழும்ப மாட்டினம்" என்று மாலியா அக்கா சொல்ல, அந்த இடமே சிரித்தது.

அந்த நேரம்தான் பழைய அறிக்கைக்குக் கையெழுத்து வைத்த உத்தியோகத்தர் பூங்கொத்தோடு வந்தார். கெட்ட மனிதர் இல்லை. எல்லாம் நல்லபடி முடிந்ததே என்று சொல்லிவிட்டு, ஒரு வார்த்தைக்காகக் காத்து நின்றார். நீவியின் உதடு அசைந்தது. மாலியா அக்கா முந்திக்கொண்டார்.

"கோப்பி தாறன். நன்றி தரமாட்டன். பறிச்சதைத் திருப்பித் தாறது உதவி இல்லை."

அவரைக் கதிரையில் இருத்தி, கேக்கின் பெரிய துண்டைத் தானே வெட்டிக் கொடுத்தார். அவரும் சாப்பிட்டார்.

பிறகு, கிரீன்லாந்துப் பெற்றோரை அந்தப் பரீட்சைகளால் அளக்கக்கூடாது என்று சட்டம் வந்தது. நாங்கள் கட்டிப்பிடித்து அழுதோம். அவர் அழவில்லை. "பரீட்சை போயிட்டுது. பரீட்சை வைச்ச ஆக்கள் அதே கதிரையிலதான் இருக்கினம். சப்பாத்தைக் கழட்டாதையுங்கோ, இன்னும் நடக்கக் கிடக்கு" என்றார். அப்போதே புற்றுநோய் அவருக்குள் இருந்திருக்கிறது. எங்களுக்குச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் இரக்கப்பட்டிருப்போம், அது அவருக்குப் பிடிக்காது. அந்த ஒரு விசயத்தில் அவரோடு எனக்கு இன்னும் கோபம்.

அந்த வியாழக்கிழமைக் கூட்டத்துக்கு நான் தனியாகப் போனேன். கொழுவினேன். அந்தக் குடும்பத்தின் விசயம் இன்னும் முடியவில்லை.

போன வாரம் நீவிக்குப் பெண் குழந்தை பிறந்தது. அவள் பெயரில் பழைய கோப்பு இருப்பதால் கொம்யூனில் இருந்து பார்க்க வருவோம் என்றார்கள். நீவி என்னைக் கூப்பிட்டாள். வந்தவர் இளம் பெண், பண்பானவர், மடியில் மடிக்கணினி. நீவியின் முகம் வெளுத்துப்போய் இருந்தது. பிள்ளைக்கு என்ன பெயர் என்று அவர் கேட்டார்.

"மாலியா" என்றாள் நீவி. சொல்லிவிட்டுக் குழந்தையை என் கையில் தந்தாள்.

மாலியா அக்காவிடம் இருந்து எனக்கு என்ன மிஞ்சியது என்று இத்தனை நாளும் யோசித்துக்கொண்டிருந்தேன். இல்லத்துக் கதவின் திறப்புக் கொத்து என்னிடம் இருக்கிறது. அந்தக் கம்பளிச் சட்டையையும் தந்தார்கள், எனக்கு அது அளவாக இல்லை. ஆனால் அந்தச் சின்ன முகத்தைப் பார்த்ததும் என் வாயில் வேறொன்று வந்துவிட்டது.

"அக்கா" என்றேன், அந்த அதிகாரி கேட்கும்படியாக. "வந்திட்டியளோ? கனக்க வேலை கிடக்கு."

என்ன சொன்னீர்கள் என்று அவர் கேட்டார். டேனிஷில் ஒவ்வொரு சொல்லாகச் சொன்னேன். இவர் என் அக்கா, இவருடைய தமையன் மினிக் நீவிக்கு அப்பா, விரும்பினால் எழுதிக்கொள்ளலாம் என்றேன். அவர் என்னையும் குழந்தையையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு ஒன்றையும் எழுதாமல் மடிக்கணினியை மூடிவிட்டு, எல்லாம் நல்லாயிருக்கிறது, இனி வரத் தேவையில்லை என்றார்.

நீவி அவருக்குக் கோப்பி ஊற்றினாள். நாங்கள் இருவரும் நன்றி சொல்லவில்லை.